மூன்றாம் நிலைக்கு எண் கிடையாது

என் மச்சானுக்கு என்னைப் பிடிக்காது. எனக்கும் அவரைப் பிடிக்காது. அவர் என் அக்காவைக் கட்டிப் பன்னிரண்டு வருடங்கள் ஆகின்றன. இத்தனை வருடத்தில் நாங்கள் இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து முகம் சுளிக்காமல் எழுந்த நாள் ஒன்றோ இரண்டோ. அப்படிப்பட்டவரை நானே போய் எங்கள் ஆய்வில் சேர்த்தேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை.

மலேசியாவில், ஈப்போ நகரத்தில் ஒரு மருத்துவமனையின் ஆய்வுப் பிரிவில் நான் உதவியாளன். எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். பல்கலைக்கழகம் போன ஒரே ஆளும் நான்தான். இன்சுலின் போட்டுக்கொள்ளும் இனிப்பு நீர்க்காரர்களுக்கு ரத்தத்தில் சீனி எத்தனை முறை ஆபத்தான அளவுக்கு இறங்குகிறது என்று எண்ணுவது எங்கள் வேலை. சீனி ஏறுவதைப் பற்றித்தான் ஊரில் எல்லோரும் பேசுவார்கள். கால் எடுத்தது, கண் போனது எல்லாம் ஏறியதால் வந்தவை. அவை வர வருடக்கணக்காகும். இறங்குவது அப்படியல்ல. அரை மணி நேரத்தில் ஆளைச் சாய்த்துவிடும்.

எண்ணுவதுதானே, இதில் என்ன கஷ்டம் என்று நினைத்துத்தான் நானும் வேலையில் சேர்ந்தேன். மூன்று நிலைகள். சீனி 3.9க்குக் கீழே போனால் முதல் நிலை. தமிழ்நாட்டில் இதை எழுபது என்பார்கள். எங்கள் ஊர்க் கணக்கில் 3.9. அதுவும் தாண்டி 3.0க்குக் கீழே போனால் இரண்டாம் நிலை. மூன்றாம் நிலைதான் மோசமானது. அதற்கு எண்ணே கிடையாது. நோயாளியால் தன்னைத் தானே மீட்டுக்கொள்ள முடியாமல், இன்னொருவர் வந்து சீனியோ மருந்தோ கொடுக்க வேண்டியிருந்தால் அது மூன்றாம் நிலை. விழப்போகிறவன் விரலில் குத்தி எண் பார்த்துவிட்டா விழுவான்? அதனால் அந்த நிலையைக் கேட்டுத்தான் அளக்கிறோம். ‘வேறு ஒருவரின் உதவி தேவைப்பட்டதா?’ பாரத்தில் கடைசிக் கேள்வி அது.

மச்சான் தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறவர். செமோர் பக்கத்திலிருந்து கையுறைத் தொழிற்சாலைக்கு ஷிப்டுக்குப் போகும் பெண்களை ஏற்றி இறக்குவார். விடிவதற்குள் ஒரு நடை, பகல் இரண்டு மணிக்கு இன்னொரு நடை. நாற்பது பேர் உட்காரும் பஸ். மூன்று வருடங்களாகக் காலையும் மாலையும் இன்சுலின் போடுகிறார். எங்களுக்கு இன்சுலின் போடும் ஆட்கள் தேவைப்பட்டார்கள். சொந்தக்காரரைச் சேர்க்கிறாயா என்று எங்கள் டாக்டர், ஒரு சீனப் பெண்மணி, கேட்டார். தூரத்துச் சொந்தம் என்றேன். தமிழில் பேசினால்தான் விவரமாகச் சொல்வார், அதனால் நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன். இரண்டும் பொய். மச்சானுக்கு மலாய் சரளமாக வரும். வெள்ளை மேலங்கி போட்ட என்னை அவர் ஒரு தடவையாவது எதிரில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்கு. அதைத் தவிர வேறு காரணம் இல்லை.

ஒப்புதல் பாரத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் வாசித்தேன். ஆபத்தான இறக்கம் தெரிந்தால் அவருக்கு வைத்தியம் பார்க்கும் கிளினிக்குக்குத் தெரிவிப்போம், வண்டி ஓட்டுவதைப் பற்றியும் எழுதுவோம் என்ற பத்தியை இரண்டு தரம் வாசித்தேன். அவர் கொட்டாவி விட்டுக்கொண்டே கையெழுத்துப் போட்டார். பிறகு இடது மேற்கையின் பின்புறத்தில் சென்சரை ஒட்டினேன். இருபது காசு நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய வில்லை. உள்ளே முடி போல் ஒரு ஊசி.

“என்னாடா இது, மாட்டுக்குக் காதுல வில்லை அடிக்கிற மாதிரி?”

“சென்சர் மச்சான். ரெண்டு வாரம் இருக்கும். அஞ்சு நிமிஷத்துக்கு ஒருவாட்டி அதுவே சீனியப் பாத்துக்கும்.”

“எவ்வளவுன்னு எனக்குக் காட்டுமா?”

“காட்டாது. ஒங்களுக்கும் காட்டாது, எனக்கும் காட்டாது. ரெண்டு வாரம் கழிச்சுத்தான் எறக்கிப் பாப்போம். நம்பர் தெரிஞ்சா நீங்க பழக்கத்த மாத்திருவீங்க, அதான்.”

“என் ஒடம்புல ஒட்டி வச்சு எனக்கே காட்ட மாட்டே. கிராணி புத்தி.”

எங்கள் அப்பாக்கள் இருவரும் கோலா கங்சார் பக்கம் ஒரே ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள். அந்தத் தோட்டம் இப்போது இல்லை. ரப்பர் பால் நிறுக்கும் இடத்தில் கிராணி, அதாவது தோட்டத்துக் குமாஸ்தா, வாளிக்குள் ஒரு கண்ணாடிக் கோலை மிதக்கவிட்டு, பாலில் எவ்வளவு தண்ணீர் என்று பார்த்து எழுதுவாராம். கோலில் என்ன எண் என்று வெட்டியவனுக்குக் காட்ட மாட்டாராம். எழுதியது எப்போதும் குறைவாகத்தான் இருக்கும் என்பது மச்சான் வீட்டில் வேதம்.

“ஒங்கப்பாவும் எங்கப்பாவோட அந்த வரிசையிலதான நின்னாரு? நீ எப்படா கோலப் புடிச்சே?” என்று கேட்டுவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டார்.

அவரிடம் ஒரு சின்ன மீட்டர் கொடுத்தேன். ஒரு நாளைக்கு நான்கு முறை விரலில் குத்திப் பார்த்து, குறிப்பேட்டில் எழுத வேண்டும். நடுக்கம், வேர்வை ஏதாவது வந்தால் முதலில் குத்த வேண்டும், பிறகுதான் எதையும் குடிக்க வேண்டும். திரும்பத் திரும்பச் சொன்னேன். “ரேடியோ மாதிரி பேசறே” என்றார்.

இரண்டு வாரம் கழித்து வந்தார். குறிப்பேட்டை வாங்கிப் புரட்டியதுமே தெரிந்துவிட்டது. பதினான்கு நாளும் ஒரே நீல மை, ஒரே சாய்வு. 6.5, 7.0, 6.5, 7.5. ஓரத்தில் கோப்பிக் கறை, அது இன்னும் ஈரமாகவே இருந்தது. கீழே கோப்பிக் கடையில் உட்கார்ந்து பத்து நிமிடத்தில் எழுதி முடித்திருக்கிறார். எங்கள் வேலையில் இது அன்றாடம் நடப்பதுதான். மற்றவர்கள் செய்தால் சிரித்துக்கொண்டே திருத்துவேன். அவர் செய்ததும் எனக்கு மூக்கு விடைத்தது.

“மச்சான், மீட்டர்ல மூணு தடவதான் குத்தியிருக்கீங்க. இந்தப் புத்தகத்துல அம்பத்தாறு நம்பர் இருக்கு.”

“விரல் என்ன ஒன் விரலா? ஸ்டேரிங் புடிக்கிற விரலு.”

“அப்ப இந்த நம்பரெல்லாம்?”

“நீதான நம்பர் வேணும் நம்பர் வேணும்னே. குடுத்தாச்சு.”

சென்சரை இறக்கினேன். திரையில் பதினான்கு நாள் கோடும் வந்தது. பகல் ஒரு மணி வாக்கில் கோடு பள்ளத்தில் விழுந்திருந்தது. ஒரு நாள் இல்லை, ஐந்து நாள். பதினைந்து நிமிடமாவது கீழே கிடந்தால்தான் அதை ஒரு நிகழ்வாக எண்ணுவோம். ஐந்தும் அதைத் தாண்டியிருந்தன. இரண்டாம் வாரத்து வியாழக்கிழமை 2.2 வரை போய், நாற்பது நிமிடம் 3.0க்குக் கீழேயே கிடந்தது. அவர் இரண்டு மணிக்கு பஸ் எடுக்கிறவர்.

எனக்கு உடனே பயம் வரவில்லை, சந்தேகம்தான் வந்தது. சென்சர் ஒட்டிய கையை அழுத்திப் படுத்தால் அது பொய்யாகக் குறைத்துக் காட்டும். மச்சான் முதல் நடை முடிந்து வந்து மதியம் வரை தூங்குகிறவர்.

“எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பீங்க?”

“செவுத்தப் பாத்து. ஒங்க அக்கா மூஞ்சியப் பாத்துப் படுத்தா தூக்கம் எங்க வருது?”

அவர்கள் படுக்கையறையில் அவர் படுக்கும் இடத்துக்கு வலப்பக்கம்தான் சுவர். அழுந்துவது வலது கை. சென்சர் இடது கையில். கோடு பொய் சொல்லவில்லை.

“ஒரு மணிக்கு எந்திரிக்கும்போது ஒங்களுக்கு என்னா செய்யுது?”

“என்னா செய்யும், கொஞ்சம் வேர்க்கும். கை ஆடும். தண்ணி குடிச்சா சரியாயிரும்.”

எங்கள் வீடுகளில் தண்ணி என்றால் தேநீரோ கோப்பியோ மைலோவோ. மச்சானுக்கு அது டின் பால் தாராளமாக ஊற்றிய தேநீர்.

“யாரு கலக்குனா?”

அவர் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது போல் பார்த்தார். “இதென்னாடா கேள்வி? ஒங்க அக்காதான்.”

“அப்ப கடைசிக் கேள்விக்கு ‘இல்லை’ன்னு கோடு போட்டிருக்கீங்க? வேற ஒருத்தர் உதவி செஞ்சிருக்காங்கல்ல?”

“பொண்டாட்டி தண்ணி கலக்குறது உதவியா? அப்ப சோறு போடுறதும் உதவி, சட்ட தொவைக்கிறதும் உதவி. எழுதிக்க. என்னைய நாலு பேரு தூக்கிக்கிட்டுப் போறாங்கன்னு எழுதிக்க.”

“நான் கேக்குறது அது இல்ல மச்சான். அக்கா வீட்ல இல்லேன்னா நீங்களே எந்திரிச்சுப் போயிக் கலக்கிக் குடிச்சிருப்பீங்களா? முடிஞ்சிருக்குமா?”

“நான் எதுக்குடா கலக்கணும்?”

இப்படி ஒரு பதில் வரும் என்று அந்தப் பாரத்தை எழுதியவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள். நடுங்குகிற ஒருவன் தானே எழுந்து போய், தானே பெட்டியைத் திறந்து, இனிப்பாக எதையாவது எடுத்து வாயில் போட்டுக்கொள்வான். அதைச் செய்ய முடியாமல் போகிறபோது இன்னொருவர் வருவார் என்பது அவர்களுடைய கணக்கு. மச்சானுக்கு நாற்பத்தாறு வயது. கல்யாணத்துக்கு முன்னால் அவர் அம்மா, பின்னால் என் அக்கா, வெளியே போனால் கடைக்காரன். பிறந்ததிலிருந்து ஒரு கிளாஸ் தேநீரை அவர் தன் கையால் கலக்கியதில்லை. நன்றாக இருக்கும்போதும் குவளை அவரிடம் வந்துவிடும், சாகக் கிடந்தாலும் வந்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் ஒரு வித்தியாசமும் தெரியாது.

நான் அதே கேள்வியை வேறு விதமாகக் கேட்டேன். அதுதான் தப்பாகப் போயிற்று. அவர் எழுந்து நின்றுகொண்டார்.

“காச்சாவ் பண்ணாதடா, சும்மா நோண்டாத! நாலு எழுத்து படிச்சிட்டா சொம்போங், திமிரு ஏறிருச்சு ஒனக்கு. ஒங்கப்பனுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது, நான்தான் கைநாட்டு வைக்க எடம் காட்டுனேன். நீ என்னைய ஒக்கார வச்சு, தண்ணி யாரு கலக்குனா, கக்கூசுக்கு யாரு கூட்டிட்டுப் போனான்னு கேப்பியா?”

தாழ்வாரத்தில் காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர் நெற்றியில் வேர்வை. கை ஆடிக்கொண்டிருந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன்: ஒரு மணிக்கு இன்னும் பத்து நிமிடம். சீனி இறங்கும்போது காரணமில்லாமல் கோபம் வரும்; அடையாளங்களின் பட்டியலில் அதுவும் உண்டு. பன்னிரண்டு வருடச் சண்டைகளும் ஒரு நொடியில் என் தலைக்குள் ஓடின. எல்லாம் இதுதானோ?

“மச்சான், ஒரே ஒருவாட்டி குத்திப் பாத்துருவோம்.”

“தொடாதடா.”

“குத்திட்டு நீங்க எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்க.”

முறைத்துக்கொண்டே நடுவிரலை மட்டும் நீட்டினார். குத்தினேன். ஐந்து விநாடி எடுத்தது.

“என்னா காட்டுது?”

“எட்டு புள்ளி நாலு.”

“நல்லா இருக்குதான?”

“நல்லாத்தான் இருக்கு.”

“அப்ப இவ்வளவு நேரம் நான் திட்டுனது சுய புத்தியோடதான். அதையும் எழுதிக்க.”

கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனார். அந்தக் கோபத்தில் சீனிக்கு ஒரு பங்கும் இல்லை என்று எழுத்துப்பூர்வமாகத் தெரிந்துகொண்ட ஒரே மைத்துனன் நானாகத்தான் இருப்பேன்.

மூன்றாம் நிலையா இல்லையா என்பதை முடிவு செய்வது நாங்கள் அல்ல. அந்த முடிவு வராமல் வண்டியை நிறுத்தச் சொல்லிக் கடிதமும் போகாது. தலைநகரில் ஒரு குழு இருக்கிறது. அவர்கள் நோயாளியைப் பார்ப்பதில்லை, பாரத்தை மட்டும் பார்ப்பார்கள். நான் எழுதி அனுப்பியது பத்து நாளில் ஒரு குறிப்போடு திரும்பி வந்தது: மனைவி எப்போதும் பானம் தயாரிப்பவர் என்பதால் இதை வைத்து ஒன்றும் சொல்ல இயலாது. பங்கேற்பாளரால் தானே செய்துகொள்ள முடிந்திருக்குமா என்பதை நேரில் பார்த்தவரிடம் கேட்டு எழுதவும். நேரில் பார்த்தவர் என்றால் என் அக்கா.

இதற்குள் டாக்டருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. மச்சான் கத்தியதை ஆஸ்பத்திரியே கேட்டிருந்தது. தூரத்துச் சொந்தம் என்றாயே, அவர் உன் சொந்த அக்கா புருஷனாமே என்றார். அவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தேவலை. அவரே அக்காவுக்கு போன் போட்டு மலாயில் கேட்டார். அக்கா எல்லாக் கேள்விக்கும் “தா தாவு, தெரியாது” என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். இனி இவருடைய கோப்பு என் பொறுப்பு, ஆனால் நீ ஆரம்பித்ததை நீயே முடித்துவிட்டு வா என்றார் டாக்டர். அக்கா கையெழுத்துப் போட்ட ஒரு பக்கம் வேண்டும். முடியாது என்று அவள் எழுதினால் மூன்றாம் நிலை: மருந்து மாறும், மூன்று மாதமாவது பஸ் ஓட்டக் கூடாது என்று கடிதம் போகும். முடியும் என்று எழுதினால் அவர் நாளைக்கும் பஸ் எடுப்பார்.

மச்சான் இரண்டாம் நடைக்குப் போன பிறகு, இரண்டரை மணிக்கு அக்கா வீட்டுக்குப் போனேன். செமோரில் மலிவு விலை வீடுகள் நிறைந்த தாமானின் கடைசி வரிசை, பின்னால் செம்பனைத் தோட்டம். அக்கா சமையலறைத் தரையில் உட்கார்ந்து நெத்திலியின் தலையைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். வா என்று சொல்லவில்லை.

“என் நம்பர அந்த டாக்டரம்மாவுக்கு யாரு குடுத்தா?”

“பாரத்துல இருந்துச்சுக்கா.”

“ஒனக்கு எல்லாம் பாரத்துல இருக்கு. நான் தாலி கட்டிக்கிட்ட நாளும் அதுல இருக்கும்.”

எதிரில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னேன். அவள் கையை நிறுத்தாமலே கேட்டாள்.

“அவரால முடியும்னு சொன்னா?”

“பஸ் ஓட்டலாம்.”

“முடியாதுன்னா?”

“மூணு மாசம் ஓட்டக் கூடாது. மருந்த மாத்திக் குடுப்பாங்க. அப்புறம் பாப்பாங்க.”

“மூணு மாசம் வீட்ல ஒக்காந்திருப்பாரு. அவரு மூஞ்சிய நான் பாத்துக்கிட்டு, என் மூஞ்சிய அவரு பாத்துக்கிட்டு. நீ ஈப்போவுல ஏர்கோன் ரூம்ல எழுதிக்கிட்டு இருப்பே.”

“நாப்பது பொம்பளைங்க ஏறுறாங்கக்கா அதுல.”

“எனக்குத் தெரியாதா? பாதி பேரு இந்தத் தாமான்தான். என்கூட மீன் வாங்க பாசாருக்கு வர்றவளுங்க.” ஒரு நெத்திலியை வேகமாகக் கிள்ளித் தட்டில் போட்டாள். “எனக்கு ஒண்ணும் தெரியாது. எனக்குத் தெரிஞ்சது தண்ணி கலக்கத்தான்.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. இரண்டு வாரமாக டாக்டரிடமும் குழுவிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டதெல்லாம் சேர்ந்து அவள் மேல் விழுந்தது.

“அதான்க்கா எல்லாத்தையும் கெடுத்துச்சு. அவரு கண்ணத் தொறக்குறதுக்குள்ள கிளாஸ நீட்டிர்றே. பெரிய மனுசன், ஒரு கிளாஸ் கலக்கத் தெரியாம வளத்து வச்சிருக்கே.”

“நீ மட்டும்? ஒன் வயசுக்கு ஒரு கிளாஸ் கழுவியிருக்கியாடா? நீ படிச்சப்ப ஒன் மேசைக்குத் தண்ணி நடந்தா வந்துச்சு?”

“என் கதைய விடுக்கா. இப்ப அவரால முடியுமா முடியாதான்னு எப்படித் தெரியும்? ஒரே ஒரு நாள் குடுக்காம இருந்து பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்.”

ஆய்வில் ஒரு வழிமுறையைச் சொல்வது போலத்தான் சொன்னேன். அவள் விரல்கள் நின்றுவிட்டன.

“இருந்து பாத்தேன்லா.”

எனக்கு முதலில் புரியவில்லை.

“அந்த வில்லை கையில இருந்தப்பதான். வியாழக்கெழம. மொத நாளு அம்மாவ ஒரு வார்த்த சொன்னாரு. நம்ம அம்மாவ. என்னா வார்த்தன்னு கேக்காத. மறுநாள் மத்தியானம் எந்திரிச்சு வந்தாரு. சட்ட நனைஞ்சு ஒட்டியிருக்கு. எப்பயும் போல அந்த நாக்காலியில ஒக்காந்து கைய நீட்டுனாரு. நான் கலக்கித்தான் வச்சிருந்தேன், இந்தா, அடுப்புப் பக்கத்துல. குடுக்கல. பாத்துக்கிட்டே நின்னேன்.”

நெத்திலித் தட்டை ஓரமாகத் தள்ளினாள்.

“எந்திரிச்சாரு. அலமாரியத் தொறந்து பால் டின்ன எடுத்தாரு. தொறந்த டின்னுதான். அத ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு நிக்கிறாரு. என்னா செய்யணும்னு தெரியல. என்னையப் பாக்குறாரு. நான் யாருன்னு தெரியாத மாதிரி பாக்குறாரு. அப்பறம் டின்னக் கொண்டுபோயி சன்னல் கட்டையில வச்சிட்டு, திரும்பி வந்து ஒக்காந்துட்டாரு. வாயி தொறந்து இருக்கு.”

“எவ்வளவு நேரம்க்கா?”

யோசிப்பதற்குள் வாயிலிருந்து வந்துவிட்டது. அவள் என்னைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. ஆனாலும் பதில் சொன்னாள்.

“ரேடியோவுல ரெண்டு பாட்டு. நடுவுல வெளம்பரம்.”

“அப்புறம்?”

“தலையப் புடிச்சு வாயில ஊத்துனேன். பாதி சட்டையில. அவரு செத்துருவாருன்னு பயந்து ஊத்தல. இன்னொரு பாட்டு போட்டா நான் அப்பயும் நின்னுக்கிட்டுத்தான் இருப்பேன்னு தோணுச்சு. அதுக்குப் பயந்து ஊத்துனேன்.”

வரைபடத்தில் அந்த வியாழக்கிழமைக்கு நாற்பது நிமிடம். இரண்டு பாட்டும் விளம்பரமும் பத்து நிமிடம் இருக்கும். மீதியில் பாதி அவர் தூங்கும்போதே போயிருக்கும், பாதி ஊற்றிய பிறகு சீனி ஏறுவதற்கு எடுத்த நேரம். அக்கா எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே இந்தக் கணக்கைப் போட்டு முடித்துவிட்டேன். சரியாக வந்தது. சரியாக வந்ததில் ஒரு திருப்திகூட இருந்தது.

“அன்னைக்கு ரெண்டு மணி நடைக்குப் போனாரா?”

“போனாரு. சட்டைய மாத்திக்கிட்டு.”

தட்டைத் திரும்பப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். பிறகு அவள், “எழுது. என்னாத்தப் பாக்குறே? அதுக்குத்தான வந்தே” என்றாள்.

எழுதினேன். எழுதியதை வாசிக்கச் சொன்னாள். ‘பங்கேற்பாளருக்குக் குழப்பம் ஏற்பட்டது. இனிப்புப் பொருளைக் கையில் எடுத்தும் உட்கொள்ள இயலவில்லை. மனைவியை அடையாளம் காணவில்லை. மனைவி இனிப்புப் பானத்தைப் புகட்டிய பிறகே மீண்டார்.’

“நான் நின்னு பாத்தது?”

“அதுக்குப் பாரத்துல எடம் இல்லக்கா.”

“எடம் இருந்தா எழுதியிருப்பே.”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவளிடம் அந்த நேரத்தில் பொய் சொல்ல வரவில்லை. “எழுதியிருப்பேன்” என்றேன்.

கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். “போ. அவரு வர்றதுக்குள்ள போயிரு. நான் கூப்புடாம இங்க வராத.”

குழுவின் பதில் இரண்டு நாளில் வந்தது: மூன்றாம் நிலை, ஒன்று. டாக்டர் காலை இன்சுலினைக் குறைத்தார், ஊசி வகையையும் மாற்றினார். கடிதம் போயிற்று. பஸ்ஸை வேறொருவர் எடுத்துக்கொண்டார். மச்சான் அன்றே போன் போட்டார். நான் ஹலோ சொல்வதற்குள் ஆரம்பித்துவிட்டார்.

“என் வீட்டுக்குள்ள, நான் இல்லாத நேரத்துல வந்து, என் பொண்டாட்டிக்கிட்டயே கையெழுத்து வாங்கி, என் வேலையத் தின்னுட்டியேடா.”

“ஒப்புதல் பாரத்துல ரெண்டு தடவ வாசிச்சேன் மச்சான்.”

“வாசிச்சே. மந்திரம் மாதிரி வாசிச்சே. பஸ் போயிரும்னு மனுசன் மாதிரி ஒரு வார்த்த சொன்னியா?”

சொல்லவில்லை. அதற்காகக் கணக்கில் ஏறிய அந்த ஒன்றை நான் மாற்றியிருக்க மாட்டேன். 2.2இல் கிடந்தவர் ஒரு மணி நேரத்தில் நாற்பது பேரை வைத்து நெடுஞ்சாலையில் ஏறினார். என்னை யார் என்ன சொன்னாலும் அந்த ஒன்று சரியான ஒன்று.

மூன்று மாதம் கழித்து அவர் மறுபடி வந்தார். புதிய சென்சர், புதிய குறிப்பேடு, எல்லாம் டாக்டரின் பொறுப்பு. வில்லையைக் கழற்ற மட்டும் என்னை உள்ளே விட்டார்கள். டாக்டர் மலாயில் கேட்டார், மச்சான் மலாயில் பதில் சொன்னார். என் பக்கம் திரும்பவே இல்லை. இரண்டு முறை சீனி இறங்கியிருந்தது. இரண்டும் முதல் நிலை, 3.6, 3.7. இரண்டு முறையும் முதலில் விரலில் குத்தியிருந்தார், பிறகுதான் குடித்திருந்தார். யார் கலக்கிக் கொடுத்தது என்று டாக்டர் கேட்டதற்கு, “சாயா செண்டிரி” என்றார். நானே என்று அர்த்தம்.

டாக்டர் சந்தோஷப்பட்டார். இவ்வளவு ஒழுங்கான குறிப்பேட்டை இந்த வருடம் பார்க்கவில்லை என்றார். பஸ் ஓட்டலாம் என்று கடிதம் எழுதித் தருவதாகவும் சொன்னார். மச்சான் தலையை மட்டும் ஆட்டினார்.

கடிதம் அச்சாகும் வரை தாழ்வாரத்தில் நின்றோம். அப்போதுதான் என்னிடம் பேசினார், தமிழில், குரலைத் தாழ்த்தி.

“ஒங்க அக்கா சொல்லிட்டா. ரெண்டு பாட்டு ஓடுற வரைக்கும் நின்னு வேடிக்கை பாத்தாளாம். அன்னையிலேருந்து அவ கையால ஒரு சொட்டு வாங்கிக் குடிக்கிறதில்ல. தேத்தூள் எங்க இருக்கு, சூசு டின்னு எங்க இருக்கு, கேஸ் எப்படித் தொறக்குறது, எல்லாம் கத்துக்கிட்டேன். அவ கலக்கி வச்சா அது ஆறிப்போயிக் கெடக்கும்.”

“மச்சான், அன்னைக்கு நான் அவகிட்ட…”

“நீ வாய மூடு.”

கடிதம் வந்தது. வாங்கி நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். தாழ்வாரத்தின் கோடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் அக்கா உட்கார்ந்திருந்தாள். அவள் வந்திருப்பதே அதுவரை எனக்குத் தெரியாது. அவர் அவளைத் தாண்டிப் போன பிறகு எழுந்து பின்னால் போனாள். இருவரும் லிப்ட் முன்னால் நின்றார்கள். நடுவில் இன்னும் இரண்டு பேர் நிற்கலாம், அவ்வளவு இடம் இருந்தது. அக்கா ஒரு தடவை என் பக்கம் பார்த்தாள். நான் படிக்கட்டு வழியாக இறங்கிப் போனேன்.